ஒளிந்தால் போதுமா, காது கேட்க வேண்டாமா?

அம்மாவுக்குக் காது மெஷின் வாங்கியதை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்தோம். அது இப்போது பீரோவில் கிடக்கிறது.

கடையில் அம்மாவின் ஆடியோகிராமை, அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துக் கோடாக வரைந்த தாளை, மேசைமேல் வைத்தேன். அந்த ஆள் அதைப் பேருக்கு ஒரு பார்வை பார்த்து ஓரமாகத் தள்ளிவிட்டார். "பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்குக்கூடத் தெரியாதும்மா" என்று ஆரம்பித்தவர் கடைசிவரை அதையேதான் சொன்னார். அம்மாவின் பயம் எது என்று பிடித்துவிட்டார், அதை வைத்தே விற்றுவிட்டார்.

அந்தத் தாளில் எல்லாமே இருந்தது. 500 ஹெர்ட்ஸ் வரை, அதாவது தாழ்ந்த ஒலிகள், அம்மாவுக்கு ஓரளவு நன்றாகவே கேட்கிறது. 2000-ஐத் தாண்டி உச்ச ஒலிகளுக்குப் போனால் கோடு சரசரவென்று இறங்குகிறது. வயதானால் வருகிற குறைபாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உயிரோசை காதில் விழும். ச, ஸ, ட, க எல்லாம் நழுவிவிடும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்று அம்மா சொல்வது இதனால்தான். அந்த ஆள் விற்றது சிஐசி, காதுத் துளைக்குள் முழுக்க ஒளிந்துகொள்கிற மெஷின். இப்படிப்பட்ட காதை அடைத்துக்கொண்டு அது உட்கார்ந்தால், பேசுகிறவருக்குத் தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவது போல முழங்கும். அம்மாவுக்கும் முழங்கியது. கழற்றி வைத்துவிட்டார்.

இதே காதுக்கு ஆர்ஐசி என்று இன்னொரு வகை மெஷின் இருக்கிறது. காதுக்குப் பின்னால் சின்னதாக ஒன்று, அதிலிருந்து மெல்லிய ஒயர், நுனியில் துளையுள்ள சிலிகான் டோம். காது அடைக்காது. முடியை இழுத்துவிட்டால் அதுவும் அவ்வளவாகத் தெரியாது. அங்கேயே மாட்டிப் பேசிப் பார்க்கலாம். அந்த ஆள் அதை வெளியே எடுக்கவே இல்லை! சிஐசியோ காதில் அச்செடுத்துச் செய்வது. வந்த பிறகு "அளவெடுத்துச் செஞ்சதைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று கையை விரித்துவிட்டார்கள்.

பேட்டரியைச் சொல்லாமல் விட முடியாது. 10-ஆம் நம்பர், மஞ்சள் ஸ்டிக்கர், உளுந்துக்குக் கொஞ்சம் பெரியது. ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்ய ஆரம்பிக்கும். திரும்ப ஒட்டினாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம். அம்மாவுக்கு விரல் நடுக்கம் உண்டு. நகத்தால் அந்தக் குட்டிக் கதவை நெம்பும்போது பேட்டரி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடும். அம்மா தரையில் உட்கார்ந்து கையால் துழாவுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இது போக, காது அழுக்கு அடைத்தால் சத்தமே வராது. இதையெல்லாம் விற்கும்போது ஒருத்தரும் சொல்லவில்லை.

கல்யாண மண்டபத்தில் இன்னும் மோசம். எதிரில் பேசுகிறவரை எடுத்துக்கொடுத்து, பின்னால் வருகிற இரைச்சலைக் குறைக்க, பொதுவாக இரண்டு மைக் வேண்டும். இத்தனை சின்னதில் ஒன்றுக்குத்தான் இடம். மேளமும் பேச்சும் ஒன்றாக வந்து மோதியது.

கடைக்காரரை மட்டும் சொல்லி என்ன பயன்? நான் எவ்வளவோ சொன்னேன். "வெளியில தெரிஞ்சா செவிடுன்னு பேர் வெச்சிடுவாங்க" என்று சித்தி போனில் அம்மாவைக் கலங்கடித்துவிட்டார். தோடு, ஜிமிக்கி, மாட்டல் என்று ஊர் பார்க்கப் பூட்டிக்கொள்கிற அதே காதுதானே? அதில் கேட்பதற்கென்று ஒன்றை மாட்டினால் மட்டும் என்ன குடி முழுகிப்போகிறது? வாயைத் திறந்தாலே "எத்தனை தடவ சொல்றது" என்று சலித்துக்கொள்கிறவர்களும் இவர்கள்தான். பதில் சொல்ல முடியாமல் அம்மா சிரித்துச் சமாளிப்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்த மாதம் அம்மாவை வேறு ஆடியாலஜிஸ்ட்டிடம் கூட்டிப் போகிறேன். ஆர்ஐசியை மாட்டி, காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, செவிப்பறை பக்கத்தில் எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று அளந்து காட்டச் சொல்வேன். வீட்டுக்கு எடுத்துப் போய், சந்தைக்கும் கோயிலுக்கும் போட்டுப் பார்த்த பிறகுதான் பணம். முடியாது என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுவேன்.