கொள்கைக்கு 3 வருஷம், எங்களுக்கு 40 நிமிஷம்

போன வாரம் தலைமையாசிரியர்களைக் கூட்டி அதிகாரிகள் நடத்திய ஆய்வுக் கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எந்த மாவட்டம், யார் என்று எழுதப் போவதில்லை. அந்த அம்மா பட்டது போதும். ஓய்வு பெறுகிற வயதில் இருக்கிற ஒரு தலைமையாசிரியரை அத்தனை பேர் முன்னால் எழுப்பி நிறுத்தி, "மாநிலக் கல்விக் கொள்கையைப் படிச்சீங்களா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்கிறார்கள். அவர் "சுற்றறிக்கை எதுவும் இன்னும் வரலைங்க ஐயா" என்றதும் அரங்கமே சிரிக்கிறது. மேடையில் இருந்தவர்கள் சிரித்தால் போகட்டும். கீழே உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர்களும் சேர்ந்து சிரித்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏங்க, நானும் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான், அவர் சொன்னதில் என்ன தப்பு? நிஜமாகவே வரவில்லை. இணையதளத்தில் கிடக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துப் படித்துக்கொள் என்பது ஒரு துறை தன் தலைமையாசிரியருக்குச் சொல்கிற முறையா?

இந்தக் கொள்கைக்கு 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் குழு போட்டார்கள். குழு 2024 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் வெளியிட்டார். ஆக 3 வருஷம். நிதானமாக யோசித்தார்கள், நல்லது. அதை ஒரு தலைமையாசிரியர் கையில் கொடுத்து, "இதில் உங்கள் பள்ளிக்கு இன்னின்ன மாறுகிறது, இன்ன தேதியிலிருந்து" என்று ஒரு பக்கம் எழுதித்தர மட்டும் யாருக்கும் நேரமில்லை. கொள்கை வெளியானதே எனக்கு டிவியில் அடியில் ஓடுகிற எழுத்தில்தான் தெரிந்தது. 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வு அந்தக் கல்வியாண்டிலிருந்தே கிடையாது என்று அதே நாளில் அறிவிப்பு. பள்ளி திறந்தது ஜூன் 2.

அந்த முடிவை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். 2017-18-ல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்த நாளிலிருந்து அது பிள்ளைகளை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவள். ஆனால் என்னிடம் எட்டாவது வரை படித்து இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று படிக்கிற பையன் மறுநாள் காலையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்கிறான்: "டீச்சர், அப்ப எங்க டியூஷன் காசைத் திருப்பித் தருவாங்களா?" அவனுக்கு விளையாட்டு. அவன் அம்மாவுக்கு விளையாட்டு இல்லை. நான் என்ன சொல்வது? எனக்கும் அவன் அளவுக்குத்தான் தெரியும்.

மறுபடியும் சொல்கிறேன். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். மாற்றியதை எங்களிடம் ஒழுங்காகச் சொல்லுங்கள். முழுசாக, முன்கூட்டியே, ஒரே வழியில்.

இப்போது எப்படி வருகிறது தெரியுமா? வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ. மடிப்பு விழுந்த தாள், சாய்வாக எடுத்தது, கடித எண்ணான ந.க.எண் பாதி வெட்டுப்பட்டிருக்கும், தேதி இருக்கிற மூலையில் எடுத்தவரின் கட்டைவிரல். இரண்டாம் பக்கம் வராது. "பக்கம் 2 போடுங்க சார்" என்று நாலு பேர் கேட்பார்கள், அதற்குள் ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டிருப்பார், பின்னாலேயே கைகூப்பல்களாக வந்து குவியும். அதன் கீழே: "மிக அவசரம். மாலை 4 மணிக்குள் விவரங்களைக் கூகுள் ஷீட்டில் பதிவிடவும். விவரம் ஏதும் இல்லையெனில் இன்மை அறிக்கை அனுப்பவும். தவறும் பட்சத்தில் தலைமையாசிரியரே முழுப் பொறுப்பு." செய்தி வந்த நேரம் 3.20. நான் அப்போது ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன், ஏனென்றால் கணக்கு டீச்சர் பயிற்சிக்குப் போயிருப்பார். அந்தப் பயிற்சிக்கான உத்தரவும் முதல் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வந்திருக்கும்.

எங்கள் அப்பா ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். சுற்றறிக்கைப் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு வைத்திருப்பார். வந்த தாளைப் பசை தடவி ஒட்டி, வாய்விட்டுப் படித்துக்காட்டி, உதவி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவார். எதிரில் இருப்பது ஒரே ஒரு ஆள், அவர் மைத்துனர் முறை வேறு. ஆனாலும் கையெழுத்து வேண்டும். பிடிக்காத உத்தரவுக்கு ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பார். அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பார், அதிகாரியும் பதில் சொல்வார். கேட்டால் பதில் சொல்வது அன்றைக்கு வழக்கமாக இருந்திருக்கிறது.

"அந்தக் காலத்தில் கடிதம் வர ஒரு மாதம் ஆகும், வாட்ஸ்அப் வேகம்தானே" என்பீர்கள். சரி, வேகம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

"ரீல்ஸ் பார்க்க நேரம் இருக்கு, கொள்கை படிக்க நேரமில்லையா" என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். "சம்பளம் வாங்குறீங்கல்ல" என்று இன்னொருவர். வாங்குகிறேன் ஐயா. அந்தச் சம்பளத்தில்தான் பள்ளிக் கழிப்பறையில் உடைந்த குழாயை மாற்றினேன், மானியம் வருகிற வரை பிள்ளைகளை அடக்கி வைக்க முடியாதே. காலை உணவு சரியாக வந்ததா என்று பார்க்கிறேன், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடத்துகிறேன், பள்ளி விவரங்களைத் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றுகிறேன். ஆசிரியர்களை எமிஸ் வேலையிலிருந்து விடுவிக்கிறோம் என்று 2023-லேயே அறிவித்தார்கள் என்பதையும் நீங்கள் எதற்காவது படித்து வைத்துக்கொள்ளுங்கள். கொள்கையை நான் படித்தேனா என்றால், படித்தேன். அட்டையிலிருந்து அட்டை வரை. ராத்திரி, என் போனில், என் டேட்டாவில். படித்த பிறகும் நாளைக் காலை என் பள்ளியில் என்ன மாறுகிறது என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்வது கொள்கையின் வேலை இல்லை, அதை வைத்து அலுவலகம் அனுப்புகிற உத்தரவுகளின், அதாவது செயல்முறைகளின் வேலை. அந்த அம்மா கேட்டதும் அதைத்தான். சிரித்தீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் தனிக் கதை. 2018-ல் அரசாணை 101 போட்டுத் தொடக்கக் கல்வியையும் முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கீழே கொண்டுபோனார்கள். 2022-ல் அரசாணை 151 போட்டுத் தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலர் என்றார்கள். இரண்டிலும் ஒவ்வொரு நியாயம் இருக்கலாம். எங்களுக்குக் கடிதத்தின் 'பெறுநர்' மாறியது.

வட்டாரக் கல்வி அலுவலர்களும் பாவம்தான், அவர்களுக்கும் மேலே இருந்து இதே 3.20 செய்திதான் வருகிறது என்று ஒரு தோழர் சொன்னார். உண்மை. ஆனால் பாவப்பட்டவர் இன்னொரு பாவப்பட்டவருக்கு மெமோ கொடுக்கிறார், அதையும் பார்க்க வேண்டும்.

இன்னும் சிலர் வந்து சொல்வார்கள்: "எல்லாவற்றுக்கும் டெல்லிதான் காரணம், கல்வி நிதி 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்களே." நிறுத்தினார்கள். மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக ஒரு மாநிலத்துப் பிள்ளைகளின் காசை முடக்கியது அநியாயம், அதற்கு இங்கேயே தனிப் பதிவு எழுதினேன். ஆனால் ஒரு சுற்றறிக்கையை இரண்டாம் பக்கத்தோடு அனுப்ப எத்தனை கோடி வேண்டும்?

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தீர்ப்பு வந்த நாளை எழுதாமல் இருக்க முடியவில்லை. செப்டம்பர் 1, 2025. பணிக்காலம் 5 வருஷத்துக்கு மேல் மீதி இருப்பவர்கள் 2 வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 5 வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் தொடரலாம், பதவி உயர்வுக்கு மட்டும் டெட் வேண்டும். இவ்வளவுதான் விஷயம், நாலு வரியில் சொல்லிவிடலாம். எங்களுக்கு வந்தது முகம் தெரியாத ஒருவரின் ஆடியோ: "எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் போறாங்க." எங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் 2010-க்கு முன்னால், டெட் வருவதற்கு முன்பே வேலைக்கு வந்தவர். எண்ணும் எழுத்தும் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டார்: "ஹெச்.எம். டீச்சர், எனக்கு வேலை இருக்கா?" கேட்கும்போதே அழுதுவிட்டார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேலே போன் போட்டேன். "எங்களுக்கும் அபிஷியலா ஒண்ணும் வரலை மேடம், நியூஸ் பாருங்க" என்றார்கள். தீர்ப்பு அரசின் கொள்கை இல்லையே என்று சட்டம் பேசாதீர்கள். அரசு சீராய்வு மனு போட்டது என்பதையும் நியூஸ் பார்த்துத்தான் அவருக்குச் சொன்னேன். "பதற வேண்டாம், அரசு இதைச் செய்கிறது" என்று இயக்குநர் கையெழுத்தோடு ஒரு தாள் அன்று மாலையே வந்திருந்தால் அந்தப் பெண் அன்று ராத்திரி தூங்கியிருப்பார்.

புள்ளிவிவரம் கேட்க மட்டும் 40 நிமிஷத்தில் எங்களை எட்ட முடிகிறது உங்களால். ஆறுதல் சொல்ல முடியவில்லை. அப்புறம் மேடை போட்டு, மைக் பிடித்து, "ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அரசு ஊழியர் முகநூலில் இப்படி எழுதலாமா, நடத்தை விதி தெரியாதா, 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வந்துவிடும் என்று தோழி ஒருத்தி காலையிலிருந்து பயமுறுத்துகிறாள். வரட்டும். அதுவாவது எல்லாப் பக்கங்களோடும், தேதியோடும், கையெழுத்தோடும் வரும். பதில் சொல்ல 15 நாள் அவகாசமும் தருவார்கள்.