ஓட்டு கேக்கறதுன்னா யாருகிட்ட?

எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புல போன மாசம் ஒரு போல் (ஓட்டெடுப்பு) போட்டாங்க, காம்பவுண்டுக்குள்ள காய்கறி தள்ளுவண்டி விடலாமா வேண்டாமான்னு. ராத்திரி ஒம்பது மணிக்கு போட்டு, 31க்கு 8ன்னு வேண்டாம் ஜெயிச்சு, காலைல வாட்ச்மேனுக்கு ஆர்டரும் போயிருச்சு. வாழப்பாடி பக்கம் இருந்து வர்ற கீரைக்கார அக்கா பல வருசமா உள்ள வந்துட்டு இருந்தவங்க, கேட்டுல நிறுத்துனதும் "ஏங்க சார், நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு என்னைப் பாத்துதான் கேட்டாங்க. அந்த 31ல நானும் ஒருத்தன். ஹாரன் சத்தம் தாங்கலன்னு பாதித் தூக்கத்துல குத்திட்டேன்.

இத எதுக்கு சொல்றேன்னா, ரெண்டு நாளைக்கு முன்னாடி அஸ்தம்பட்டில தட்டுவடை செட்டு சாப்டுட்டு இருக்கப்ப மச்சான் ஆரம்பிச்சான். "எம்எல்ஏ எம்பி எதுக்கு மாமா, எல்லார்கிட்டயும் போன் இருக்கு, ஒரு ஆப்பு போட்டா ஒவ்வொரு சட்டத்துக்கும் நாமளே ஓட்டு போட்டுக்கலாம், சுவிட்சர்லாந்துல பாரு"ன்னான். அவன் கோவம் நியாயமானதுதான். மூணு வேளாண் சட்டம் 2020 செப்டம்பர்ல ராஜ்யசபாவுல குரல் ஓட்டுல போச்சு, ஒரு வருசம் விவசாயிங்க டெல்லி பார்டர்ல உக்காந்த பிறகு 2021 நவம்பர் 29ந்தேதி ஒரே நாள்ல ரெண்டு சபையிலயும் விவாதமே இல்லாம வாபஸ் வாங்குனாங்க. கொண்டு வந்தப்பவும் நம்ம கிட்ட கேக்கல, எடுத்தப்பவும் கேக்கல. அதுபோக 1985ல வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கு, கொறடா சொன்னதுக்கு மாத்தி ஓட்டு போட்டா பதவி போயிரும். அப்புறம் அந்த எம்பி நம்ம பிரதிநிதியா, கட்சி பிரதிநிதியா?

ஆனா சுவிட்சர்லாந்துன்னதும் நான் சும்மா இருக்கல. அங்க பொம்பளைங்களுக்கு ஓட்டு குடுக்கலாமான்னு 1959ல ஓட்டு எடுத்தாங்க, ஓட்டு போட்டது பூரா ஆம்பளைங்க, முடியாதுன்னுட்டாங்க. 1971ல தான் சரின்னாங்க. நம்ம மெட்ராஸ் மாகாணத்துல சொத்து வரின்னு கண்டிசனோடதான், ஆனாலும் 1921லயே பொம்பளைங்க ஓட்டு வாங்கியாச்சு, சட்டசபை மூலமா. அதே சுவிட்சர்லாந்துல 2009ல மசூதிக்கு மினாரெட்டு, அதாவது அந்த உசந்த கோபுரம், கட்டக்கூடாதுன்னு 57 சதவீதத்துக்கு மேல குத்துனாங்க. எங்க வாட்ஸ்அப் போலுக்கும் இதுக்கும் எனக்கு பெரிய வித்தியாசம் தெரியல.

நம்ம ஊருக்கே வருவோம். சென்னை சேலம் எட்டு வழிச்சாலை, 2018ல அறிவிச்சாங்க, 277 கிலோமீட்டர். காட்டுல வந்து கல்லு நட்டப்ப கெழவிங்க மண்ணுல விழுந்து அழுத வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. 2019ல ஹைகோர்ட்டு நிலம் எடுக்கற அறிவிப்ப ரத்து பண்ணுச்சு, 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு திட்டத்துக்கு தடையில்லன்னுருச்சு. இப்ப மச்சானோட ஆப்புல இதுக்கு ஓட்டு விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? சேலம் டவுன்ல இருக்கறவன், சென்னைல வேல பாக்கறவன், சீக்கிரம் போலாமேன்னு சரின்னு குத்துவான். கெணறும் தென்னையும் போகப்போற ஊரு ஓட்டு மொத்தமா எண்ணுனாலும் அதுல கரைஞ்சே போயிரும். அந்த ஊருங்கள மட்டும் கேட்டா நேர் எதிர் பதில் வரும். ரெண்டுமே "மக்கள் தீர்ப்பு"தான். யார கேக்கறதுன்னு கோடு எங்க போடறாங்கங்கறதுலயே பாதி முடிவு வந்துருது. தனியார் கம்பெனிக்கு நெலம் எடுத்தா பாதிக்கப்படற குடும்பத்துல 80 சதவீதம் ஒத்துக்கணும்னு 2013 சட்டத்துல இருக்கு, நேஷனல் ஹைவேஸுக்கு நெலம் எடுக்க அந்த சம்மதம் தேவையில்ல. அந்த விதிவிலக்கையும் நம்ம ஓட்டு வாங்குனவங்கதான் எழுதி வெச்சாங்க.

கோடு சரியா போட்ட ஒரு கேசு ஒடிசாவுல இருக்கு. நியம்கிரி மலைல பாக்சைட் (அலுமினியம் எடுக்கற தாது) வெட்டலாமான்னு அங்க இருக்கற கிராம சபைங்களே முடிவு பண்ணட்டும்னு 2013ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. 12 ஊருல கூட்டுனாங்க, 12ம் வேண்டாம்னுச்சு. இத படிக்கறப்ப எனக்கு நம்ம ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலைதான் ஞாபகம் வந்துச்சு. மேட்டூர் அலுமினிய ஃபேக்டரிக்கு ஏற்காட்டுல இருந்துதானே பாக்சைட் போச்சு. வெட்ட ஆரம்பிச்ச காலத்துல இப்ப இருக்கற மாதிரி சட்டத்துல கிராம சபையே கெடையாது, அது 1994 ஊராட்சிகள் சட்டத்தோட வந்தது.

வந்து என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. ஒரு அக்டோபர் 2ந்தேதி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மலைல ஒரு ஊரு கிராம சபைக்கு ஃப்ரெண்டு கூட போனேன். தீர்மானம் முன்னாடியே டைப் அடிச்சு வெச்சிருந்துச்சு. நூறு நாள் வேலைக்காரங்கள உக்கார வெச்சு கூட்டத்துக்கு வேண்டிய தலைக்கணக்க காட்டிட்டு, கையெழுத்து வாங்கி, டீ பிஸ்கட் குடுத்து முக்கா மணி நேரத்துல முடிச்சிட்டாங்க. ஒரு பாட்டி மட்டும் ஆஸ்பத்திரிக்கு போற வழிய பத்தி எழுந்து பேசுச்சு. "அது அப்பறம் பாக்கலாம்மா"ன்னாங்க, நோட்டுல ஏறல. நேரடி ஜனநாயகம்னு வானத்துல தேடறோமே, அது அந்த சமுக்காளத்து மேலதான் உக்காந்திருந்துச்சு.

அதுக்காக எல்லாத்தயும் ஓட்டுக்கு விடலாம்னு நான் சொல்ல மாட்டேன். கோயில் நுழைவு சட்டத்த 1947ல ஊர் ஊரா ஓட்டெடுத்து கொண்டு வந்திருக்க முடியுமா? மதுவிலக்கு 1937ல முதல்ல வந்தது நம்ம சேலம் ஜில்லாவுலதான், ராஜாஜி பிரீமியரா (அப்ப முதலமைச்சருக்கு அதுதான் பேரு) இருந்தப்ப. கள்ளு எறக்கறவர கேட்டிருந்தா ஒரு பதில், அவர் வீட்டம்மாவ கேட்டிருந்தா வேற பதில்.

நான் கேக்கறது சின்னதுதான். சட்டம் சபையிலயே எழுதட்டும். சுவிட்சர்லாந்துல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம்: அங்க பார்லிமென்ட்டு போட்ட சட்டத்து மேல 100 நாளைக்குள்ள 50,000 பேர் கையெழுத்து போட்டா அது ஓட்டுக்கு வந்தே ஆகணும். அந்த மாதிரி ஒரு பிரேக்கு நம்ம கால்ல இருக்கணும். ஒருத்தரோட உரிமையப் பறிக்கற கேள்விய மட்டும் அந்த ஓட்டுக்கே விடக்கூடாது. நெலம், காடு, தண்ணி எடுக்கறதா இருந்தா அந்த ஊரு கிராம சபை வேண்டாம்னா வேண்டாம்தான், ஹைவேஸா இருந்தாலும். அத டைப் அடிச்ச தீர்மானத்த வெச்சு ஏமாத்தாம நடத்தணும்.

மச்சான் இதுக்கு "மாமா, அப்ப எந்த ரோடும் வராது"ன்னான். சில ரோடு வராதுதான், ஒத்துக்கறேன். எத்தன வராதுன்னு என்னால சொல்ல முடியல, அதுலதான் சண்ட இன்னும் முடியாம நிக்குது.

குரூப்புல நேத்து அந்த ஓட்டெடுப்ப திரும்ப போடச் சொல்லி கேட்டேன், இந்த தடவ அந்தக்காவையும் கூப்ட்டு பேச வெச்சிட்டு ஓட்டெடுக்கலாம்னு. அட்மின் கட்டவிரல் மட்டும் காட்டிருக்காரு. அக்கா இப்ப கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க, நான் எறங்கிப் போய்தான் முருங்கக்கீரை வாங்கறேன்.