தழைக்கட்டும், தளைக்க வேண்டாம்

வாழ்த்து மடல்களில் 'தளைத்தோங்குக' என்று அச்சாகி வரும்போதெல்லாம் பகீரென்கிறது. தளை என்றால் கட்டு, விலங்கு. பனையேறுபவர் காலில் மாட்டிக்கொள்வது தளைநார். செய்யுளில் சீரோடு சீரைப் பிணைப்பதும் தளைதான். அதில் ஏழு வகை. மணமக்களைப் பார்த்து 'தளைத்து வாழ்க' என்றால் கட்டுண்டு கிடங்கள் என்று பொருள். (அதுவும் சரிதானே என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை.)

வேண்டிய சொல் தழை. இலையும் கொப்புமாக இருப்பது தழை. ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிறோமே, அது. சங்க அகப்பாடல்களில் தலைவன் கையுறையாக (காதலிக்குத் தரும் பரிசாக) கொண்டுவருவதும், பெண்கள் இடையில் உடுத்துவதும் இதுவே. அதே சொல் வினையானால் தழைத்தல். மலையாளத்திலும் 'தழச்சு வளருக' உண்டு.

செழித்தல், கொழித்தல், தழைத்தல் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறோம். செழிப்பில் இருப்பது செழுமை, அதாவது வளம், நிலத்துக்குப் பொருந்தும். கொழித்தல் என்பது சுளகில் புடைத்து ஒதுக்குவது, அலை கரையில் கொண்டுவந்து தள்ளுவது. அதனால் பணம் கொழிக்கும், தழைக்காது. தழைப்பது கிளைவிட்டுப் பரவுவது. குடும்பத்துக்கும் குலத்துக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது அதனால்தான். 'தழைத்தோங்கு' என்பதில் தழைத்தல் அகலம், ஓங்கல் உயரம்.

'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி' என்ற வாழ்த்தில் மர அறிவே இருக்கிறது. ஆலின் விழுது மண்ணைத் தொட்டதும் தடித்துத் தூணாகிக் கிளையைத் தாங்கும்; அது இல்லாவிட்டால் அத்தனை அகலம் நிற்காது. அருகு, அதாவது அருகம்புல், கணுவுக்குக் கணு வேர்விடும்.

நைட்ரஜனுக்குத் 'தழைச்சத்து' என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. யூரியாவில் அது 46 சதவீதம். அளவு மீறினால் இலை கரும்பச்சையாகும், தண்டு வலுவிழந்து பயிர் சாயும், பூப்பது தள்ளிப்போகும். தழைத்ததெல்லாம் விளைந்துவிடாது.

இன்னொன்று. இன்றைய வழக்கில் தழைத்தது வேறு, தழைந்தது வேறு. தழையத் தழையப் புடவை கட்டுவது என்றால் தாழத் தொங்கவிடுவது. வாழ்த்தில் 'த்' விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ழகரமா ளகரமா என்று தடுமாறினால் 'இலைதழை'யை நினைத்துக்கொள்ளலாம். அதை 'இலைதளை' என்று எழுதியவரை இதுவரை பார்த்ததில்லை.