வாடகை வீட்டுக்குக் கட்டணம் வையுங்கள், ஆனால் வந்து பாருங்கள்

கோவையில், கேரள எல்லையை ஒட்டிய கே.ஜி. சாவடி பக்கம் எங்களுக்கு ஆறு லைன் வீடுகள் இருக்கின்றன. அம்மா சீட்டுப் பணத்தில் ஒவ்வொன்றாகக் கட்டியது. கதவுக்கு, அதாவது ஒரு வீட்டுக்கு, மாதம் 3500 ரூபாய் வாடகை. குடியிருப்பவர்களில் பாதிப் பேர் வாளையாறு தாண்டி கேரளத்துக் கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்கள். ஆக, நான் வீட்டுக்காரன். வாடகை வீடுகளுக்கு லைசென்ஸும் ஆய்வும் வேண்டும் என்று சொல்கிற வீட்டுக்காரன்.

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருவின் கோடியில் இருக்கும் ஒரு வீட்டில் மீட்டர் பெட்டி பற்றிக்கொண்டது. இரண்டு அறை, பதினோரு ஜார்க்கண்ட் பையன்கள். ஒரே ஒயரில் மூன்று இண்டக்‌ஷன் அடுப்பு. கோளாறு வந்தால் கரண்டைத் தானே நிறுத்தும் ட்ரிப்பர் கிடையாது. வெளியே வர ஒரே கதவு, அதை ஒட்டித்தான் மீட்டர். நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நாலு பேரைப் பின்பக்கத்து சிமெண்ட் ஷீட்டை உடைத்து வெளியே இழுத்தோம். அதில் ஒருவனுக்கு என் மகன் வயசு. அந்த வீட்டுக்குள் அதற்கு முன் எந்த அதிகாரியும் கால் வைத்ததில்லை. வைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் வருஷா வருஷம் வந்து ஒயரையும் செப்டிக் டேங்கையும் பார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது.

சரி, ஆய்வு வந்தால் கட்டணம் எவ்வளவு? கதவுக்கு வருஷம் 3000 என்று வைத்தால் மாதம் 250 ரூபாய். நான் கொடுக்கமாட்டேன், என் குடித்தனக்காரர்தான் கொடுப்பார். வாடகையில் ஏற்றாமல் இருக்க எந்த வீட்டுக்காரராலும் முடியாது. என் ஆறு வீட்டையும் பார்க்க ஒருவருக்கு அரை நாள் போதும். அந்த அரை நாள் சம்பளம், வண்டிச் செலவு, பதிவேட்டுச் செலவு, அவ்வளவுதான் கட்டணமாக இருக்க வேண்டும். இது நானாகச் சொல்வதில்லை. கோயில், மடங்களை அரசு மேற்பார்க்க வந்த நம் மெட்ராஸ் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-லேயே வரிக்கும் கட்டணத்துக்கும் வித்தியாசம் சொல்லிவிட்டது: கட்டணம் என்றால் அதற்குச் சேவை இருக்க வேண்டும். பின்னால் வந்த தீர்ப்புகள் பைசாவுக்குப் பைசா கணக்குக் கேட்கவில்லை, பொதுவாகப் பொருந்தினால் போதும் என்றன. அந்தப் பொருத்தமாவது இருக்கட்டும்.

கணக்கில்லாமல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை எல்லைக்கு அந்தப்புறம் பார்த்தோம். கேரளத்தில் 2023 ஏப்ரலில் கட்டட அனுமதிக் கட்டணத்தை ஒரேயடியாக ஏற்றினார்கள். எதிர்ப்பு தாங்காமல் 2024 ஆகஸ்டிலிருந்து 60 சதவீதம் வரை குறைத்தார்கள். மேல்மாடி கட்டிய என் சித்தப்பா மகன் அந்த ஒன்றேகால் வருஷத்தில் மாட்டிக்கொண்டான்.

எனக்குப் பிடித்த முறை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் இருக்கிறது. வாடகைக் கட்டடங்களை அவற்றின் நிலையைப் பார்த்து மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஒழுங்காக இருப்பதை எட்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், அடுத்ததை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, மோசமானதை வருஷா வருஷம். கட்டணமும் அந்த வகையைப் பொறுத்தே. எங்கள் ஊருக்கும் இதுதான் சரி. நாலு பேர் குடும்பம் இருக்கும் ஓட்டு வீட்டுக்கும், தலைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பதினோரு பேரை அடைக்கும் அறைக்கும் ஒரே ரேட் போட்டால் அது அநியாயம். அதிகாரி குறை சொன்ன பிறகும் திருத்தாமல், அவரை இரண்டாம் தடவை அலைய வைக்கும் வீட்டுக்காரரிடம் அந்த அலைச்சலுக்குத் தனியாக வாங்குங்கள். திருத்தியவரிடம் வாங்காதீர்கள். அப்புறம் ஒன்று, புகார் சொன்ன குடித்தனக்காரரை அடுத்த மாதமே காலி செய்யச் சொல்ல முடியாதபடி விதியில் எழுதுங்கள். இல்லையென்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

எங்கள் வீடுகளில் நாலாம் நம்பரில் ஒயர் பழசு, எனக்கே தெரியும். இந்த மாதம் மாற்றுகிறேன். அதிகாரி வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன், ரசீதோடு.