டாங்கிள் லைட் எரியுது, சாவி இல்லைங்குது சாஃப்ட்வேர்

ஒர்க்ஷாப்ல வண்டியோட கம்ப்யூட்டர் கூட பேசுறதுக்காக, காசு கொடுத்து, பில் போட்டு வாங்கின சாஃப்ட்வேர்ங்க. லேப்டாப்ல டாங்கிள் (லைசென்ஸ் சாவியா வேலை செய்யற யூஎஸ்பி துண்டு) சொருகியிருக்கு, சிவப்பு லைட்டு பளிச்சுனு எரியுது. திறந்தா "லைசென்ஸ் கீ கிடைக்கவில்லை"ங்குது. அட, கண்ணு முன்னாடி எரியுதேய்யா!

லிஃப்ட்ல டீசல் வண்டி நிக்குது. டீசலைப் பீச்சுற நாலு இன்ஜெக்டரும் புதுசு மாட்டியாச்சு. காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொண்ணு தலையிலயும் பொடி எழுத்துல ஒரு கோடு அடிச்சிருப்பான். கிரீஸைத் துடைச்சு, டார்ச் அடிச்சு அதைப் படிச்சு, இந்த சாஃப்ட்வேர் வழியா இசியுவில (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்ல) ஏத்தணும். இல்லேன்னா ஐட்லிங்ல வண்டி உதறும், புகை தள்ளும். ஸ்பேனர் வேலை முடிஞ்சு, டைப் அடிக்கிற வேலைக்காக வண்டி தூங்குது. ஓனர் போன் மேல போன். அவருக்கு என்னன்னு சொல்றது?

சப்போர்ட்டுக்கு அடிச்சா, "வேற யூஎஸ்பி போர்ட்ல போட்டுப் பாத்தீங்களா சார்?" பாத்தாச்சுன்னா, "ஏஎம்சி (வருஷ மெயின்டனன்ஸ் ஒப்பந்தம்) முடிஞ்சிருச்சு சார், ரினியூ பண்ணினாதான் கம்ப்ளைன்ட் எடுக்க முடியும்." டாங்கிளே போயிருந்தாலோ, புது லைசென்ஸ் விலை முழுசா கட்டணுமாம். சாஃப்ட்வேரை வாங்கினேனா, இந்தப் பிளாஸ்டிக் துண்டை வாங்கினேனா?

காரணம் எத்தனையோ இருக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் மெமரி இன்டெக்ரிட்டிங்கிற பாதுகாப்பு செட்டிங் ஆன்ல இருந்தா, ஒத்துப்போகாத பழைய டாங்கிள் டிரைவர் லோடே ஆகாது. சாவியைத் தேடிப் பாக்கிற லைசென்ஸ் மேனேஜர் சர்வீஸ் நின்னிருக்கலாம். ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலை முழுங்கியிருக்கலாம். எங்களோட டாங்கிள் சென்டினல்ங்கிற வகைச் சாவி. ப்ரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட், 1947 போர்ட்னு (localhost:1947) போட்டா, மாட்டியிருக்கிற சாவி லிஸ்ட்ல தெரியும். (சுதந்திரம் வாங்கின வருஷம், நம்ம நிலைமையைப் பாருங்க!) அங்க சாவி தெரிஞ்சா டாங்கிள் மேல பழி இல்ல, சாஃப்ட்வேரைத்தான் நோண்டணும். தெரியலேன்னா டாங்கிளைக் கழட்டி, பழைய டிரைவரை அடியோட தூக்கி, ரீஸ்டார்ட் பண்ணி, புது டிரைவரை அட்மின்ல போட்டு, அப்புறம்தான் டாங்கிளைச் சொருகணும். காசு வாங்கின எவனாவது இதைச் சொன்னானா? நானா தேடிப் பிடிச்சதுதான்.

இன்னும் எரிச்சல் என்னன்னா, அந்தச் சாவிக்கு நல்லாவே தெரியும். உள்ளுக்குள்ள ஒவ்வொரு கோளாறுக்கும் தனி நம்பர் இருக்கு. 7-ன்னா சாவி கிடைக்கல, 33-ன்னா லைசென்ஸ் மேனேஜர் கூட பேச முடியல, 41-ன்னா காலாவதி. எங்க சாஃப்ட்வேர்காரன் அந்த நம்பரையெல்லாம் மறைச்சிட்டு, எல்லாத்துக்கும் ஒரே பாட்டைப் பாடுறான். அந்த நம்பரை மட்டும் ஸ்க்ரீன்ல காட்டித் தொலைச்சா என்னய்யா குறைஞ்சு போச்சு உனக்கு?