லெல்லோவில் படிக்கட்டோடு நின்றுவிடாதீர்கள்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் இருக்கும் லெல்லோ புத்தகக் கடையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், நன்று. ஆனால் அதை எழுதியவர் "கடைக்குள் போக நுழைவுச் சீட்டா?" என்று சலித்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை. 2015-இல் வந்த ஏற்பாடு அது. உள்ளே புத்தகம் வாங்கினால் சீட்டுக்குக் கொடுத்த பணத்தை விலையில் கழித்துக்கொள்கிறார்கள். எப்படியும் ஒரு புத்தகம் வாங்கப் போகிறவர்களுக்கு இதில் நஷ்டமே இல்லை. சீட்டை இணையத்திலேயே நேரம் குறித்து வாங்கிவிடுங்கள். காலையில் முதல் நேரம் கிடைத்தால் விடவே கூடாது. மதியத்தில் கடைக்குள் இருக்கும் புகழ்பெற்ற சிவப்புப் படிக்கட்டில் நிற்கவும் இடமிருக்காது.

உள்ளே போனதும் எல்லோரும் படிக்கட்டுக்கே ஓடுகிறார்கள். அதற்கு முன் கொஞ்சம் தரையைப் பாருங்கள், புத்தக வண்டி ஓடுவதற்குத் தண்டவாளம் பதித்திருப்பார்கள். அப்புறம் மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. 'டெக்கஸ் இன் லபோரே' என்ற லத்தீன் வாசகம் அதில் இருக்கிறது. உழைப்பில்தான் பெருமை என்று பொருள். 1906-இல் ஒரு புத்தகக் கடைக்கு இந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. செதுக்கிய மரம் போலத் தெரிகிற வேலைப்பாட்டில் பெரும்பகுதி வர்ணம் பூசிய சுண்ணச்சாந்துதான். பக்கத்தில் நின்று பார்த்தாலும் நம்ப முடியாது!

ஹாரி பாட்டர் கதை இங்கே பிறந்தது என்று நம்பி யாரும் போக வேண்டாம். இந்தக் கடைக்குத் தான் வந்ததே இல்லை என்று அதை எழுதிய ரௌலிங் 2020-இல் சொல்லிவிட்டார்.