சத்தமும் பவரும் இருக்கட்டும், முதுகு என்ன சொல்லுது?

ராயல் என்ஃபீல்டு புல்லட், கிளாசிக் மாதிரி பழைய பாணி பைக்கா, பெரிய எஞ்சினோடு கால் நீட்டி உட்காரும் பவர் குரூசரா என்ற சண்டையில் நான் பழைய பாணி வண்டிக் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கமெண்ட்டில் வந்து "அண்ணே நீங்க எந்தப் பக்கம்"னு கேட்காதீர்கள். ஆனால் என் கட்சிக்காரர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

மதுரை அழகர்கோவில் ரோட்டு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை நாலு வண்டி சேர்ந்து நின்றால் போதும், "அந்த டப் டப் சத்தம் வேற எதுல மாப்ள வரும்" என்று ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். பழைய 350 புல்லட்டில் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர், ஒரே சிலிண்டர், எஞ்சினோடு சுற்றும் கனமான ஃபிளைவீல் சக்கரம். எஞ்சின் நிதானமாகச் சுற்றுகிறது, அதனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, அவ்வளவுதான். அதே காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் வண்டியில்தான் ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து கிக்கரை மிதிக்க வேண்டியிருந்தது, கணக்குத் தப்பினால் அது திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். டிரம் பிரேக்கை நம்பி போடிமெட்டு இறக்கத்தில் வந்தவர்கள் யாராவது அது பொற்காலம் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இன்றைய புல்லட்டிலும் கிளாசிக்கிலும் உள்ள 349 சிசி எஞ்சினுக்குள் பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது, அதிர்வு அடங்கிவிட்டது, டிஸ்க் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாம் வந்தாச்சு. "இது புல்லட்டே இல்ல" என்று புலம்புகிறவர்களுக்கு வண்டி வேண்டுமா, சத்தம் வேண்டுமா என்று தெரியவில்லை.

"எந்தப் பட்டறையிலும் பிரிச்சு மாட்டிடலாம்" என்பது இன்னொரு வாதம். 2020-இல் பிஎஸ்-6 புகை விதி வந்ததிலிருந்து இரண்டு பக்கமும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், சென்சார்தான். அந்தக் கதையும் முடிந்தது.

எதிர்க்கட்சிக்கு வருவோம். பவர் குரூசர் சண்டை நம் ஊருக்குப் புதிதாகத் தெரியலாம், உலகத்துக்குப் பழசு. 1985-லேயே யமஹா 1198 சிசி வி-4 எஞ்சினை வைத்து வி-மேக்ஸ் விட்டது. 2001-இல் ஹார்லி, போர்ஷேவோடு சேர்ந்து செய்த வாட்டர் கூலிங் எஞ்சினோடு வி-ராடைக் கொண்டுவந்தபோது ஹார்லி ரசிகர்களிலேயே பலர் அதை ஏற்கவில்லை. இன்றைக்கு டிரையம்ப் ராக்கெட் 3-இல் 2458 சிசி, 225 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). கோரிப்பாளையம் சிக்னலில் கத்திரி வெயிலில் அதன் மேல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள், தொடை வெந்துவிடும். அதனால் நம் ஊர்ப் பேச்சு கடைசியில் ராயல் என்ஃபீல்டின் குரூசரான சூப்பர் மீட்டியோர் 650-இல்தான் வந்து நிற்கிறது. உலகக் கணக்கில் அதைப் பவர் குரூசர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நம் ரோட்டுக்கு அதுவே பவர்தான்.

அந்த வண்டியில் நல்லது இருக்கிறது, மறுக்கவில்லை. தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் பக்கம் 350-ஐ நூறுக்கு மேல் முறுக்கினால், இருக்கிற 20 குதிரைத்திறனும் காலியாகிவிட்டது என்று கைப்பிடியே சொல்லும். 650-இல் 47 குதிரைத்திறன், இரட்டை சிலிண்டர், அதே வேகத்தில் அலட்டலே இல்லாமல் போகிறது, லாரியைத் தாண்டப் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. ஆனால் இதை வைத்திருப்பவர்கள் டாப் ஸ்பீடைப் பற்றித்தான் பேசுகிறார்கள், சொல்ல வேண்டிய இந்த நிம்மதியைச் சொல்வதே இல்லை.

இப்போது என் விஷயம், உட்காரும் விதம். குரூசரில் கால் முன்னால் நீட்டியிருக்கிறது, இடுப்பு பின்னால் தாழ்ந்திருக்கிறது, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. ரோடு வழுக்கிக்கொண்டு போனால் சுகம்தான். உசிலம்பட்டி தாண்டி ஏதாவது கிளை ரோட்டில் திரும்புங்கள், வெள்ளைக் கோடுகூட இல்லாத வேகத்தடை திடீரென்று முன்னால் வரும். கிளாசிக் மாதிரி வண்டியில் பாதம் உடம்புக்குக் கீழே இருப்பதால் ஃபுட்ரெஸ்டை மிதித்து லேசாக எழுந்துவிடலாம், அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். கால் முன்னால் இருந்தால் எழுந்திருக்க முடியாது, அடி முழுவதும் முதுகெலும்பின் அடிக்கட்டைக்குப் போகிறது. அதற்கு மேல் சூப்பர் மீட்டியோரின் தரை இடைவெளி 135 மில்லிமீட்டர், கிளாசிக்குக்கு 170. எடை 241 கிலோ, கிளாசிக்குக்கு 195. இந்த 46 கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியாது, மாசி வீதியில் பின்னால் தள்ளி நிறுத்தும்போது தெரியும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்படித்தான், 1500 மில்லிமீட்டர் வீல்பேஸை (இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான நீளம்) மடக்கித் திருப்ப வேண்டும், கொஞ்சம் கூடச் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தாரில் உரசும்.

இதையெல்லாம் சொன்னால் "சீட் தாழ்வு அண்ணே, கால் நல்லா ஊன்றும்" என்பார்கள். நியாயம்தான். 740 மில்லிமீட்டர் சீட், குள்ளமானவர்களுக்கு அது பெரிய தைரியம், கிளாசிக்கின் 805 பலருக்கு நுனிக்கால்தான். உயரம் குறைந்த நண்பர்கள் நான் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விலையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் உள்ள வண்டிகளுக்கு, முன்பு செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது, 40 ஆக ஏறிவிட்டது. 349 சிசி வண்டி ஒரே ஒரு சிசியில் கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பித்து நிற்கிறது. வாரம் முழுக்க தெப்பக்குளத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் ஓடிவிட்டு எப்போதாவது தூத்துக்குடி போகிறவர், அந்த எப்போதாவதுக்காக இவ்வளவு வரி கட்ட வேண்டுமா என்பது என் கேள்வி. மாதாமாதம் நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டுகிறவர் என்றால் தாராளமாக 650 எடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் ஷோரூம் வாசலில் உள்ள நல்ல ரோட்டில் ஒரு வட்டம் அடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டில் யார் பின்னால் உட்காரப் போகிறார்களோ அவர்களையும் ஏற்றிக்கொண்டு, மோசமான தெருவாகப் பார்த்து வண்டியை விடுங்கள், இறங்கியதும் அவர்களிடம் கேளுங்கள். 650-ஐ ஆண்டிபட்டி கணவாய் தாண்டிக் குமுளி வரை ஜோடியாக ஓட்டிப் போனவர்கள் இருந்தால், பின் சீட்டில் இருந்தவர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள்.